உன் ஈரலில் தேங்கிய செம்பு

என் செல்வா அண்ணனுக்கு,

எழுத உட்கார்ந்ததும் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் கை போகிறது. கேட்டதாகவே வைத்துக்கொள்.

நாளை மறுநாள் உன் முதல் வருஷத் திதி. பெரியப்பா குளுவாங்கிலிருந்து வருகிறார். உன் பதினாறாம் நாளன்று அவர் என்ன செய்தார் என்று உனக்குத் தெரியாது. படையலில் வடை, பாயாசத்துக்குப் பக்கத்தில் ஒரு டின் பீரைத் திறந்து உன் படத்துக்கு முன்னால் வைத்தார். "பையனுக்குப் பிடிச்சது லா. இன்னைக்காவது நிம்மதியா குடிக்கட்டும்" என்றார். இரண்டு பேர் அழுதார்கள். சாம்பிராணிப் புகையில் அந்த டின் வியர்த்துக்கொண்டு நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை.

உனக்கு அந்த வாசனையே ஆகாது என்று எனக்குத் தெரியும். நீ எதனால் போனாய் என்பதும் அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தது.

முதலில் உன் கை நடுங்கியது. நான் பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம். விடுமுறைக்குக் கூலாய்க்கு வந்தபோது நீ தேத்தண்ணி கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாய். பிறகு பேச்சு குழறியது. நீ வேலை பார்த்த செனாய் கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்டைக் கொண்டுபோய் அடுக்கில் இடித்தாய். கண் மஞ்சளானதும் பெரியப்பா தீர்ப்பே சொல்லிவிட்டார். "ஈரல் கெட்டுப்போச்சுன்னா வேற என்ன? தண்ணிதான்." கிளினிக்கில் குடிப்பீர்களா என்று கேட்டால், நீ வாயைத் திறப்பதற்குள் அவர் தலையாட்டிவிடுவார். நீ இல்லை என்று சொன்னாலும் அது குழறித்தான் வந்தது. அதையே அவர்கள் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

அவர்களை விடு. நான் என்ன செய்தேன்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ தள்ளாடி வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் எதிரே வந்து, "ஊது" என்றேன்.

நீ ஊதினாய். மைலோவின் சாக்லேட் வாசனைதான் வந்தது.

"போதுமா, சயின்டிஸ்ட் மேடம்? இல்ல, இன்னொரு தரம் ஊதணுமா?" என்று சிரித்தாய். சிரிக்கும்போது உன் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வாசனையை மறைக்கத்தான் மைலோ குடித்திருக்கிறாய் என்று நான் நினைத்தேன், அண்ணே.

அந்த வாரம் நான் எதைப் படித்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? ஈரல் உலோகங்களை என்ன செய்கிறது என்ற பாடத்தை. உனக்கு அப்போதே சொல்லியிருக்க வேண்டியது. உன் கிடங்கை வைத்துச் சொல்கிறேன், புரியும்.

நாம் சாப்பிடும் எல்லாவற்றிலும் கொஞ்சம் செம்பு இருக்கிறது. உடம்புக்கு அது வேண்டும். ஈரலில் ஒரு புரதம் தேவையான செம்பை இன்னொரு புரதத்தின்மேல் ஏற்றி ரத்தத்துக்கு அனுப்பும், மிச்சத்தைப் பித்தத்தோடு வெளியே தள்ளும். உன்னைப் போல ஒரு ஃபோர்க்லிஃப்ட்காரன் என்று வை. உன் ஈரலில் அந்த ஆள் பிறவியிலேயே பழுது. சரக்கு உள்ளே வந்தது, வெளியே போகவில்லை.

அப்படித் தேங்கும் செம்பைப் பிடித்து வைக்க வேறொரு சின்னப் புரதம் இருக்கிறது. அதன் உடம்பெல்லாம் கந்தகம். கந்தகத்தால் செம்பைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். விட்டால் ஈரலையே அரிக்கும் உலோகத்தை, அரிக்காமல் அடுக்கி வைத்துக்கொள்ளும். உனக்காக அது வருஷக்கணக்காகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அடுக்கெல்லாம் நிறைந்த பிறகுதான் செம்பு வழிந்தது. ஈரல் புண்ணானது. ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய்க் கையை நடுங்க வைத்தது. கண்ணின் கருவட்டத்தைச் சுற்றி ஒரு வளையமாகப் படிந்தது.

அந்த வளையத்தை நான் பார்த்திருக்கிறேன். நீ வாசலில் மோட்டார் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தாய். வெயில் பக்கவாட்டில் விழுந்தபோது உன் கண்ணோரம் பித்தளை நிறத்தில் மினுங்கியது. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். அதைச் சொல்ல வெட்கம். விரிவுரையில் காட்டிய படத்தில் இருந்தது ஒரு வெள்ளைக்காரரின் நீலக் கண். நம் வீட்டுக் கறுப்புக் கண்ணில் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தேர்வில் அந்த வளையத்தைப் பற்றிய கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதினேன்.

ஆஸ்பத்திரி வார்டில் கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, இது செம்பு தேங்கும் நோய் என்று சொன்னபோது நீ நினைவிழந்திருந்தாய். முன்பே தெரிந்திருந்தால் மாத்திரை போட்டுக்கொண்டே பல வருஷம் இருந்திருப்பாயாம். அதை மலாயில் கேட்டுக்கொண்டு தலையாட்டினேன்.

பிறகாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அம்மாவால்தான்.

உனக்கு மஞ்சள் காமாலை என்றதும் அம்மா செம்புக் குடத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துத் தினமும் காலையில் கொடுத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? "ஈரலுக்கு நல்லதுடா, மிச்சம் வைக்காத" என்பார். நீயும் வைக்கமாட்டாய். உன் உடம்பில் தேங்கியது செம்பு என்று நான் வாயைத் திறந்தால் அம்மா முதலில் எதைத் திரும்பிப் பார்ப்பார்? டாக்டர் சொன்னதை அம்மாவிடம், "ஈரல் நோய்தான்மா" என்று சுருக்கிவிட்டேன். குடத்தைக் கழுவுவதுபோல எடுத்து என் துணி அலமாரிக்குள் ஒளித்தேன். அம்மா இன்னும் தேடுகிறார். அவரைக் காப்பாற்ற உன்னைக் குடிகாரனாகவே விட்டுவிட்டேன்.

இப்போது தம்போயில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கேயும் அதிகம் பேசுவதில்லை. நீ போன பிறகு ஆஸ்பத்திரியில் எனக்கும் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று பழுது இரண்டும் உனக்கு வந்துவிட்டது. எனக்கு ஒன்றுதான். ஒன்றினால் நோய் வராதாம். நீ வாங்கிக்கொண்டதில் பாதி என்னிடமும் இருக்கிறது என்பது எனக்கு ஏனோ ஆறுதலாக இருக்கிறது.

போன வாரம் அம்மா படையலுக்குச் சாமான் எழுதச் சொன்னார். வடை, பாயாசம், நீ விரும்பும் கெராங் சிப்பிச் சம்பல் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் குரலைத் தாழ்த்தி, "பெரியப்பா கேப்பாரு, அந்த டின்னையும் எழுதிக்கோ" என்றார். பிறகு, "அவன் குடிச்சு நான் ஒரு நாளும் பார்த்ததில்லயே பாப்பா. பெத்தவளுக்கே தெரியாமலா குடிச்சான்?" என்றார்.

ஒரு வருஷமாக அம்மா இதையும் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். நான் காப்பாற்றினேன் என்று நினைத்தது எதிலிருந்து?

அதனால் இதை முடித்ததும் அலமாரியிலிருந்து குடத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகப்போகிறேன். அதை அம்மா முன்னால் வைப்பேன். பழுது நீ பிறக்கும்போதே இருந்தது, சோற்றிலும் கீரையிலும் வந்த செம்பே போதும், அந்தக் குடத்துத் தண்ணீர் உன்னைக் கொல்லவில்லை என்று சொல்வேன். எத்தனை தரம் கேட்டாலும் அத்தனை தரம் சொல்வேன். அவர் நம்புவாரா?

நாளை மறுநாள் உன் படத்துக்கு முன்னால் மைலோதான் இருக்கும். பெரியப்பா டின்னோடு வந்தால் அதை என் கையால் எடுத்துவிட்டு, எல்லார் முன்னாலும் சொல்வேன்: "என் அண்ணன் குடிக்கல." குரல் நடுங்கும். நடுங்கட்டும், உன் கைபோல.

உன்னை ஊதச் சொன்ன தங்கச்சி,
மலர்