சிவப்புப் பூ வந்த அன்று

அத்தான்,

நீங்கள் தொலைத்ததாக ஊர் சொன்ன பிள்ளையார் நேற்று வீடு வந்து சேர்ந்துவிட்டார். சிரிக்காதீர்கள். நம் முற்றத்தில், உரலுக்குப் பக்கத்தில், வைக்கோலைப் பரப்பி அதன்மேல் சாய்த்து வைத்திருக்கிறார்கள். கோடையில் வற்றிக் கிடக்கும் குளத்தில் கரம்பை மண் வெட்டப் போனவர்களின் மண்வெட்டியில் தட்டுப்பட்டாராம். தும்பிக்கை நுனி இல்லை. ஒரு காது பாதிதான் இருக்கிறது. வீடு முழுக்கக் குளத்துச் சேற்று வாசனை. காலையில் கண் விழித்ததும் அந்த வாசனைதான் முதலில் வந்தது. 

கூடவே கோயில் அண்ணாச்சியும் வந்தார். அன்றைக்கும் இன்றைக்கும் ஊர்க்காரியம் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறவர் அவர்தானே. இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார், குரல் மட்டும் தளரவில்லை.

"தங்கச்சி, வார வெள்ளிக்கிழம பழைய எடத்துலயே வைக்கப் போறோம். அதுக்கு முன்னாடி மொதக் குடம் தண்ணிய இங்கனயே நீ ஊத்து. ஒம்புருசன் செஞ்ச குத்தத்துக்கு நீ விழுந்து கும்புட்டு மன்னிப்புக் கேட்டுட்டேன்னா எல்லாம் சரியாப் போவும்."

"கேக்கலேன்னா?"

"நான் ஒண்ணும் சொல்லல. மருத்துவச்சி எங்க தெருக்காரிதான். ஊர் சொன்னாத்தான் அவ ஒன் வாசப்படி மிதிப்பா. ஒம்மகளுக்குத் தலைப்பிரசவம், பாத்துக்க. நாளைக்குச் சாயங்காலம் வாரேன்."

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போகிற சாமர்த்தியம் அவருக்கு மட்டும்தான் வரும்.

நம் மகள் முழுகாமல் இருக்கிறாள், அத்தான். நீங்கள் போன பிறகுதான் பாவூர்சத்திரத்தில் அவள் மாமியார் வீட்டிலிருந்து சேதி வந்தது. ஐப்பசியில் நாள் வரும். பிரசவத்துக்கு இங்கேதான் அழைத்து வரவேண்டும். அவள் பிறந்த அதே ஐப்பசி, அதே வீடு, தலைக்குமேல் அதே குளத்தங்கரை. இன்று சாயங்காலம் அண்ணாச்சி வரும்வரை எனக்கு வேலை ஓடாது. அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். என் ஐந்தாம் வகுப்புப் படிப்பைக் கேலி செய்வீர்களே, அது இதற்காவது உதவட்டும்.

கல்யாணமான வருஷம் சாரல் காலத்தில் வண்டி கட்டிக்கொண்டு குற்றாலம் போனோமே, அன்றைக்கே எனக்கு உங்கள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அருவியில் குளித்தவர்கள் எல்லோரும் ஈரத்துணியோடு கோயிலுக்கு விரைந்தார்கள். நீங்கள் பாறைமேல் நின்று, இரண்டு கையையும் விரித்து, தண்ணீர் விழுகிற உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"சாமி கும்புட வரலியா?" என்றேன்.

"கும்புட்டுக்கிட்டுத்தாம்ட்டி இருக்கேன். இம்புட்டையும் படைச்சவன, நாம கொத்தி வச்ச கல்லுக்குள்ள போயி இருன்னு சொல்லச் சொல்லுதியா?"

சாமி இல்லை என்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டேனோ என்று அன்றைக்கு அழுதேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், விடியுமுன் வாசலில் நின்று அதேபோலக் கை விரித்து "படைச்சவனே" என்று ஒரே ஒரு சொல் சொல்லுகிறீர்கள். ஒரு நாள்கூட அதைத் தவறவிட்டதில்லை. நானோ குளத்தங்கரைப் பிள்ளையாரே கதி என்று கிடந்தேன். பிள்ளை தங்காமல் போய்ப் போய், ஈரப் புடவையோடு அவரைச் சுற்றிச் சுற்றிக் கால் காய்த்துப் போனவள் நான். மகள் பிறந்தபோது அவர் கொடுத்தது என்றுதான் நினைத்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டே தொட்டில் கட்டினீர்கள். சந்தோஷத்தில் இருந்தவளிடம் வாதம் எதற்கு என்று விட்டிருப்பீர்கள்.

அவள் பிறந்து என் தீட்டுக்கூடக் கழியவில்லை, மழை பிடித்துக்கொண்டது. அதற்கு முன்னால் மழையே இல்லாமல் காய்ந்து கிடந்த ஊர். ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று, உபரித் தண்ணீர் வெளியேறுகிற மறுகாலைப் பலகையும் களிமண்ணும் வைத்து இறுக்கி அடைத்து வைத்திருந்தார்கள். மலையில் கொட்டியதெல்லாம் குளத்துக்கு வந்தது. மத்தியானத்துக்குள் தண்ணீர் கரையின் விளிம்பைத் தொட்டுவிட்டது. மறுகாலைத் திறந்தால் கரை பிழைக்கும். ஆனால் திறந்துவிட்ட தண்ணீர் திரும்பி வராது. யாருக்கும் மனசு வரவில்லை. அதனால் பிள்ளையாரிடம் பூக்கட்டிக் கேட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்து அவர் முன்னால் போட்டு, ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் திறக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது.

சிவப்பு வந்தது.

உடனே எல்லோருக்கும் நிம்மதி வந்துவிட்டதாமே. அந்த நிம்மதிதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. சாமியே வேண்டாம் என்று சொல்லிவிட்டது, இனி நமக்கென்ன கவலை என்று சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். நீங்கள் கெஞ்சியதை, அங்கே இருந்தவர்களிடம் கேட்டு, அத்தை பிற்பாடு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள்.

"கரை கசியுது அண்ணாச்சி. கீழத் தெருவுல பச்ச உடம்புக்காரி கெடக்கா."

"உத்தரவு இல்லாம மறுகாலத் தொட்டா ஊருக்கு ஆவாதுலே. பேசாம இரி."

நீங்கள் ஓடி வந்தீர்கள். வயல்பக்கத்துப் பாதையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ஓடியது. மேட்டுக்குப் போக வேறு வழியில்லை. கரைப்படி ஏறி, பிள்ளையாரைத் தாண்டி, கரையின் கோடியில் இருக்கிற பொத்தைக்குத்தான் போகவேண்டும். அந்தப் பாறைக் குன்றுக்கு எந்த வெள்ளமும் ஏறாது. ஆனால் தீட்டுக்காரி பிள்ளையாரைத் தாண்டுவதாவது! உங்களைப் பெற்ற தாயே வாசலை மறித்தார்கள். "பாவம்லே, வேண்டாம்லே" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள்.

நானும்தான் மாட்டேன் என்றேன். "இந்தப் பிள்ளையக் குடுத்ததே அவருதான். தீட்டோட அவரு முன்னால போனா திருப்பி எடுத்துக்கிடுவாரு" என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே அதற்குள் கணுக்கால் தண்ணீர்.

"குடுத்தவன் அங்கன இல்லட்டி" என்றீர்கள். "குடுத்தவன் பாத்துக்கிடுவான்னு நம்பித்தான் ஒன்னத் தூக்குதேன்."

என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தீர்கள். பிள்ளை என் மார்பில், நான் உங்கள் கையில். படியேறும்போது மழை முகத்தில் அறைந்தது. கரைமேல் ஏறியதும் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். "தாண்டாதலே! ஏலே, தாண்டாத!" அண்ணாச்சி கையை நீட்டி மறித்தார். தீட்டுக்காரியைத் தொட்டுவிடக் கூடாதே என்று அவரே பின்வாங்கவும் செய்தார். நான் பிள்ளையாரைப் பார்க்கப் பயந்து முகத்தை உங்கள் நெஞ்சில் புதைத்துக்கொண்டேன். அப்போதுதான் கேட்டேன், அத்தான். உங்கள் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டது. ஓடிக் களைத்த அடிப்பு இல்லை அது. எனக்குத் தெரியும்.

தாண்டிய பிறகு, "பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"பயமாத்தாம்ட்டி இருக்கு. பயந்துக்கிட்டேதான் நம்புதேன்."

என்னையும் பிள்ளையையும் பொத்தைப் பாறையின் அடியில் இறக்கிவிட்டு, கரையில் கிடந்த மண்வெட்டியோடு மறுகாலுக்கு ஓடினீர்கள். முதலில் யாரும் கூட வரவில்லை. நீங்கள் தனியாகப் பலகையைப் பிடுங்குவதை நான் பாறையிலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவை நீங்கள் குனியும்போதும், தண்ணீர் உங்களையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று என் உயிர் போய்ப் போய் வந்தது. பிறகு கீழத் தெருக்காரர்கள் இரண்டு பேர் இறங்கினார்கள், அப்புறம் இன்னும் சிலர். பலகை பெயர்ந்தது. தண்ணீர் பேரிரைச்சலோடு வெளியே பாய்ந்தது. கரை நின்றது. ஏற்கெனவே ஊறிப்போயிருந்த ஒரு மூலை மட்டும் அரசமரத்தோடு குளத்துக்குள் சரிந்தது. அது பிள்ளையார் இருந்த மூலை. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஓடிப் பிழைத்தார்கள். எழுந்து ஓட முடியாதவர் அவர் ஒருவர்தான்.

கீழத் தெருவில் ஒரு ஆட்டுக்குட்டிகூடச் சாகவில்லை. ஆனாலும் ஊர் என்ன சொன்னது? தீட்டு தாண்டியதால் பிள்ளையார் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றது. அந்த வெறும் இடத்தில் விளக்கு வைத்துக் கும்பிட்டார்கள். நம் வீட்டு விசேஷத்துக்கு யாரும் கை நனைக்க வரவில்லை. நம் மகள் தனியாகத்தான் விளையாடினாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஊர் மேலும் வரும், உங்கள் மேலும் வரும். ஒரு கும்பிடு போட்டால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று சண்டை பிடித்திருக்கிறேன். "கும்புடலாம்ட்டி, ஒன்னுமில்ல. ஆனா அடுத்த மழைக்கும் அதுகிட்டத்தான் போயி கேப்பாங்க" என்றீர்கள். 

போன கார்த்திகையில் நீங்கள் காய்ச்சலில் கிடந்தபோது, உங்களுக்குத் தெரியாமல் கரைக்குப் போய் அந்த வெறும் மண்ணுக்கு நேர்ந்துகொள்ளலாமா என்று எழுந்தேன். தெரிந்துகொண்டீர்கள். என் முந்தானையைப் பிடித்தீர்கள். "பயமில்லன்னு சொன்னா பொய்யி. ஆனா யாருகிட்டப் போறேன்னு எனக்குத் தெரியும்" என்றீர்கள். நான் போகவில்லை. அதுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

இதுவரை மத்தியானம் எழுதியது. இப்போது விளக்கு ஏற்றியாகிவிட்டது. அண்ணாச்சி வந்துவிட்டுப் போய்விட்டார்.

நான்கைந்து பேரோடு வந்தார். முற்றத்தில் குடத்தில் தண்ணீர் தயாராக வைத்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குடத்தைத் தொடவில்லை.

"மன்னிப்புக் கேக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றேன். "அவுக அன்னைக்குத் தாண்டலேன்னா நானும் எம்மகளும் இல்ல. மறுகாலத் தொறக்கலேன்னா இந்தத் தெருவே இல்ல. இது ஒங்க சாமி, எங்கன வேணாலும் வைங்க. வெள்ளம் வந்தா எம்மக ஏறிப் போற பாதையில மட்டும் வேண்டாம். மறுகாலத் தொறக்கணுமான்னு இனிமே இதுகிட்டக் கேக்காதிய."

"அப்ப மருத்துவச்சி?" அண்ணாச்சியின் குரல் உயர்ந்தது.

"வந்தா சந்தோசம். வரலேன்னா, புள்ளையக் குடுத்தவன் பாத்துக்கிடுவான்."

 அண்ணாச்சி சரி என்றும் சொல்லவில்லை, மிரட்டவும் இல்லை. கம்பை ஊன்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். மற்றவர்களும் போனார்கள். பிள்ளையாரை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போது கோடை மழை தூறுகிறது. பாவம், நனைகிறதே என்று நானே எழுந்து போய் ஒரு சாக்கை எடுத்து மூடிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். அன்றைக்குக் கரைமேல் உங்கள் மார்பில் காது வைத்துக் கேட்டேனே, அதே அடிப்பு. இத்தனை நாள் அதை உங்களுடையது என்று பத்திரமாக வைத்திருந்தேன்.

பயமாகத்தான் இருக்கிறது, அத்தான்.