வைவதற்கு மூச்சில்லாமல் போனவளுக்கு

நேற்று திருத்தங்கல் பேருந்தில் உன் குரல் கேட்டது. முன் இருக்கையில் இருந்த இளைஞனின் செல்போன் ஒலித்தது. ரிங்டோனாக நீ இருந்தாய். "எடுடி மூதேவி! கையில என்ன புத்தா வளந்திருக்கு?" என்று நீ கத்த, நாலைந்து பேர் சிரித்தார்கள். அவன் எடுக்காமல் கொஞ்ச நேரம் உன்னைப் பேசவிட்டான். நீ இறந்து சில மாதங்கள் ஆகின்றன என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தாலும் மாற்றியிருக்க மாட்டான்.

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியே வயதானவள் நான். எதைச் சொன்னாலும் ஓர் எடுத்துக்காட்டு இல்லாமல் சொல்ல வராது. உன் கோபத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டால், பால் பொங்கி வழிந்ததற்காக உன் மகள் பாண்டிச்செல்விக்குச் சூடு போட்டாயே, அதைத்தான் சொல்வேன். அவளுக்குப் பத்து வயது. கரண்டியைக் காய்ச்சிக் கெண்டைக்காலில் வைத்தாய். நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அலறல் கேட்டு ஓடிவந்தேன். "ஒங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள நீங்க பாருங்க டீச்சர். இது நான் பெத்தது" என்று கதவைச் சாத்தினாய்.

புருஷன் விட்டுப் போனவள், பகலெல்லாம் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்கு மருந்து செலுத்திவிட்டு வெள்ளிப் பொடி அப்பிய கையோடு வருகிறவள் என்று தெரு உனக்காகப் பேசியது. நானும் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சைக் கேட்டு அவள் கால் ஆறிவிடவில்லை.

பதினைந்து வயதில் அவள் உன்னைப் படம் பிடித்தாள். அரிசி டப்பாவில் செல்போனைச் சாய்த்துவைத்துவிட்டு உன்னிடம் வசவு வாங்கினாள். நீ அவள் முடியைப் பிடித்து இழுத்தது படத்தில் விழவில்லை. குரல் மட்டும் முழுதாக இருந்தது. அதை இணையத்தில் போட்டுவிட்டு, மறுநாள் என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். "யாராச்சும் என்ன ஏதுன்னு கேப்பாகன்னுதான் டீச்சர் போட்டேன். எல்லாரும் சிரிக்காக."

சிரிக்கும்படிதான் இருந்தது, அதுதான் கொடுமை. "அந்த மூஞ்சிக்குப் பவுடரு ஒரு கேடா? நான் கம்பெனியில அப்பிக்கிட்டு வர்ற பவுடரு பத்தாதா? நமுத்துப்போன ஓலை வெடி! திரி இருக்கு, மருந்து இருக்கு, வெடிக்க மட்டும் மாட்டா!" நாரணாபுரம், புதுப்பட்டி என்று கம்பெனிக்குப் போகிற பெண்களெல்லாம் அதை ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். அம்மாவும் மகளும் பேசிவைத்து நடிக்கிறார்கள் என்று நம்பினார்கள்.

உனக்குத் தெரியவந்த அன்று அவளைக் கொன்றேவிடுவாய் என்று பயந்து உன் வாசலிலேயே நின்றேன். நீ கம்பெனி வேனிலிருந்து சிரித்துக்கொண்டு இறங்கினாய். கூட வேலை பார்க்கிறவர்கள் உன்னோடு நின்று போட்டோ எடுத்தார்களாம். முகம் கழுவி, நல்ல சேலை மாற்றி, "எங்கன நிக்கணும்? அடுத்தத எடுடி" என்றாய்.

அவள் தொழில் அப்படித்தான் தொடங்கியது. 'எங்கம்மா வையுறா' என்று சேனலுக்குப் பெயர் வைத்தாள். பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டே ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, பட்டாசுக்கடை என்று ஏறி இறங்கி விளம்பர ஆர்டர் பிடித்தாள். ஓர் அச்சகத்துக்கு மேலே ஓர் அறை, இரண்டு லைட்டுகள், எடிட்டிங்குக்கு ஒரு தோழி. தீபாவளி சீசனில், வாங்காமல் போகிறவர்களை நீ வைவாய். கடையில் கூட்டம் கூடும். பதினேழு வயதில் உன்னைக் கம்பெனி வேலையிலிருந்து நிறுத்தினாள். "இனி மருந்துல கை வைக்காத. ஒனக்கு வாய் இருந்தாப் போதும்" என்றாள். அதை நான் பாசம் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் உன் நெஞ்சு எப்போதோ கெட்டிருந்தது. பாதி வசவில் இருமல் வந்து மூச்சு அடைக்கும். வெட்டிவிடலாம் என்றாள் தோழி. பாண்டிச்செல்வி வெட்டவில்லை. இருமலுக்கும் சிரித்தார்கள். "ஆத்தா இன்ஜின் ஸ்டார்ட் ஆகல" என்று கீழே எழுதினார்கள். அதன் பிறகு, இருமல் வருகிற நேரம் பார்த்து மைக்கை உன் வாய்க்குக் கிட்டே கொண்டுவருவாள்.

உனக்கோ கோபம் வற்றிப்போயிருந்தது. "எதுக்கு டீச்சர் இவள வையணும்? நல்லாத்தான இருக்கா?" என்று என்னிடம் கேட்டாய். படம் எடுக்கும்போது, ஈர விறகை ஊதுகிறவளைப் போல, பழையதையெல்லாம் நினைத்து நினைத்துக் கோபத்தை வரவழைத்தாய்.

கடைசியாக எடுத்த அன்று நான் துணைக்கு வந்திருந்தேன். ஒரு நகைக்கடை ஆர்டர். நீ வாயைத் திறந்தாய், வசவு வரவில்லை. "பாண்டி, இனி ஒன்னய வைய எனக்கு வாய் வரலத்தா. அந்தக் கால இங்கன நீட்டு, பாப்போம்" என்று அவள் கெண்டைக்காலைத் தொடக் குனிந்தாய். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"லைட்ட மறைக்காத. வையி."

"முடியலத்தா."

"சூடு போடயில முடிஞ்சதுல்ல? இப்ப மட்டும் முடியலையாக்கும்?"

நீ வைதாய். மூச்சு வாங்கி வாங்கித் துண்டு துண்டாக வைதாய். அவள் துண்டுகளை ஒட்டிச் சேர்த்தாள். நீ முதலில் சொன்னதை மட்டும் அங்கேயே, நம் கண் முன்னாலேயே, அழித்துவிட்டாள். நீ அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நீ இறந்த அன்று 'அம்மா போயிட்டா' என்று உன் படத்தைப் போட்டாள். கீழே சிரிக்கிற முகங்களாக வந்து கொட்டின. "எந்திரிச்சு ஒரு வசவு விடு ஆத்தா" என்று எழுதியிருந்தார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் துக்க வீட்டுக்கே வந்து, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உன் வாயையே பார்த்து நின்றார்கள். பிறகு அவள் பக்கம் திருப்பினார்கள். "அம்மா அளவுக்கு மகளுக்கு நடிப்பு வரல" என்றான் ஒருவன். அவள் அழுகையை நிறுத்திக்கொண்டாள்.

தொழில் நிற்கவில்லை. உன் பழைய வசவுகளை வெட்டி ஒட்டிப் புது விளம்பரம் செய்கிறாள். சென்ற வாரம் என் வீட்டுக்கு வந்தாள்.

"அன்னைக்கு அம்மா கால நீட்டச் சொன்னால்ல டீச்சர். அது எங்கிட்ட இல்ல. நீங்க கூட இருந்தீக. என்ன சொன்னான்னு அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டாள். பிறகு, "இத கேமரா முன்னால சொல்லுவீகளா?" என்றாள்.

"மாட்டேன் தாயி. அது ஒனக்குச் சொன்னது."

"அப்ப அத வச்சு நான் என்ன செய்ய?" என்று எழுந்துவிட்டாள். ஆர்டர் இருக்கிறதாம். வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "கொஞ்சம் வைஞ்சாப்லதான சொன்னா?"

"இல்ல. வையாமத்தான் சொன்னா."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுபடியும் ஒருநாள் வந்து கேட்பாள் என்று நினைக்கிறேன். உன் வசவுகள் எத்தனையோ பேர் கையில் பத்திரமாக இருக்கின்றன. அந்த ஒரு பேச்சு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. எனக்கோ இப்போது பெயர்களெல்லாம் மறக்கின்றன. அதனால் தினமும் காலையில் எழுந்ததும், யாரும் இல்லாதபோது, வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். சொல் ஒன்றுகூட மாறவில்லை. குரல்தான் எவ்வளவு முயன்றாலும் டீச்சர் குரலாகவே வருகிறது.