இடது கைக்கு மட்டும் மருந்து

ஓகஸ்ட் 6, திங்கள்

சோளகக் காற்று. கூட்டக் கூட்ட வாசலில் மணல். மருந்து பூசத் தொடங்கி ஆறாவது கிழமை. என் தோல் அளவுக்கு மிஞ்சி வேகமாக வளர்கிறதாம். அதைத் தடுக்கப் புது மருந்து, சோதித்துப் பார்க்கிறார்கள். கைக்கு ஒன்றாக இரண்டு ரியூப். ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் பூச்சு. எது எதுவென்று சொல்ல மாட்டார்கள். கைகள் எப்படி என்று அவர்கள் தந்த தாளில் நாளும் எழுத வேண்டும். சம்மதித்துக் கையொப்பம் வைத்தது நான்தான்.

இ. கை: செதில் இல்லை. இலேசான சிவப்பு.
வ. கை: அப்படியே. வெடித்து இரத்தம்.

ஓகஸ்ட் 8, புதன்

நண்டு உடைக்கும் கொம்பனிக்குப் போனேன். போன வருடம் தொத்து வியாதி என்று என்னை நிறுத்திய அதே சுப்பவைசர். தொத்தாது என்று டொக்டர் எழுதித் தந்த துண்டை வாசிக்கவேயில்லை. கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சந்தையில் மீன் பார்ப்பது போல.

"இடது கை சரி அக்கா. மற்றதும் சுகமாகட்டும். அடுத்த மாசம் ஆள் எடுக்கிறம், வாங்கோ."

கையுறை போட்டுத்தானே எல்லோரும் உடைக்கிறார்கள்! தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த காலம் முழுக்க இந்தக் கைகளால்தான் மா குழைத்தேன். வீட்டில் ஐந்து பேர் சாப்பிட்டார்கள். ஒருவருக்கும் தொத்தவில்லை.

வாங்க வேண்டியவை: தேங்காய், பற்றரி, வாசமில்லாத சவர்க்காரம்.

ஓகஸ்ட் 14, செவ்வாய்

மன்னார் கிளினிக். மடு மாதா திருவிழாச் சனம், பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. பஸ் நிலையத்தில் கழுதை என் பைக்குள் வாயை விட்டது.

படம் எடுத்தார்கள். டொக்டருக்குச் சந்தோசம். இ. கை மருந்தை வ. கைக்கும் தாருங்கோ என்றேன்.

"எது மருந்தெண்டு எனக்கே தெரியாதம்மா. இன்னும் மூண்டு மாசம் இப்பிடியே போகவேணும். இல்லாட்டி ஒப்பிட்டுப் பாக்க ஏலாது."

அவருக்குத் தெரியாதாம். என் கைகளுக்குத் தெரிகிறதே! முடிந்த பிறகாவது தருவீர்களா? அதைக் கொழும்பில் கேட்க வேண்டுமாம்.

வெளியே வரும்போது மருந்து கட்டும் மிஸ்ஸி காதுக்குள்: "அக்கா, வீட்டில என்ன பூசுறீங்களெண்டு ஆர் பாக்கினம்? தாளில மட்டும் பழையபடி எழுதுங்கோ."

அவ நல்ல மனதோடுதான் சொன்னா. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அப்படி எழுதினால் வெறும் பூச்சே சுகமாக்கியது என்றாகிவிடும். பிறகு இந்த மருந்து ஒருவருக்கும் வராது.

ஓகஸ்ட் 15, புதன்

இவரிடம் சொன்னேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே, "உண்மைய எழுதினா உம்மை நிப்பாட்டிப் போடுவினம். சுகமான கையும் பழையபடி ஆகும்" என்றார்.

அதுவும் சரிதான். அழுதேன். குழம்பில் உப்புக் கூடிவிட்டது.

ஓகஸ்ட் 17, வெள்ளி

காலை குளித்துவிட்டு இ. ரியூப்பைத் திறந்து வ. கையில் பூசினேன். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. பிறகு அவர்களுடைய தாளை எடுத்தேன். அரிப்புக்கு ஒரு கட்டம், எரிவுக்கு ஒரு கட்டம். இதற்குக் கட்டமில்லை. ஓரத்தில் எழுதினேன்: "இன்றிலிருந்து வலது கைக்கும் இடது கை மருந்து. கேட்டேன், தரவில்லை."

அந்தத் தாளில் பெயர் எழுதக் கூடாது, இலக்கம் மட்டும்தான். பெயரையும் எழுதினேன்.