மழை நோன்பின் இரண்டாம் நாள்

எலினா, ஆர்க்கன்சா
24 பிப்ரவரி 1971

அன்பு அண்ணன் ஓசியாவுக்கு,

தங்கை அர்லீத்தா எழுதுகிறேன். ஆறாண்டுகளுக்குப் பின் என் கையெழுத்தைக் கண்டதும் உறையைத் திருப்பிப் பார்த்திருப்பாய். நானேதான்.

உன் தொண்டையில் அறுவை நடந்ததென்றும், உயிர்த்தெழுதல் திருநாள் வரை ஒரு சொல்லும் பேசலாகாதென்று மருத்துவர் கட்டளையிட்டிருக்கிறார் என்றும் உன் மனைவி வில்லா எழுதியிருந்தாள். குரல் மீளுமா என்பது அதன்பின்தான் தெரியுமாம். வாய்மூடி அமர்ந்திருக்கும் உன்னைக் கற்பனை செய்து பார்த்தேன், கைகூடவில்லை. "ஒங்க அண்ணன் தொட்டில்லயே பிரசங்கம் பண்ணினவன்டி, பால் குடுக்கிறதுக்குள்ள மூணு தடவ ஆமென் சொல்லணும்" என்பாள் அம்மா.

கேலி போகட்டும். மூன்று வாரமாய்ப் புதன்தோறும் உனக்காக நோன்பிருக்கிறேன். விடியலிலிருந்து மறுவிடியல் வரை தண்ணீர் மட்டும். சலவைக்கூடத்தில் துணி தேய்க்கும் கை தேய்க்கட்டும், நெஞ்சு உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும். பதில் எழுதித்தான் ஆகவேண்டுமென்பதில்லை.

உன் தங்கை,
அர்லீத்தா

*

டன்பார் முனை, மிசிசிப்பி
3 மார்ச் 1971

என் அருமைத் தங்கைக்கு,

உன் மடலை வில்லா வாசிக்க வாசிக்க என் கண்கள் கலங்கின. மருந்து ஆற்றாத இடத்தை உன் மன்றாட்டு ஆற்றுகிறது. நோன்பு வயிற்றின் வெறுமையன்று. வானத்தின் வாயிலில் ஓங்கித் தட்டும் கை. முப்பதாண்டுகளாய் மேடையில் முழங்கியது இதைத்தான்.

என் மௌனத்தை இங்கே எல்லாரும் கொண்டாடுகிறார்கள். சபைக் காரியங்களைப் பார்க்கும் நம் டீக்கன் லூதர் மிம்ஸ் நேற்று வந்து, "பாஸ்டரே, போன ஞாயித்துக்கெழம பன்னெண்டு மணிக்கே ஆராதனை முடிஞ்சுபோச்சு. சனங்க வீட்ல சூடாச் சாப்பிட்டாங்களாம். நீங்க அவசரப்பட்டு கொணமாயிடாதீங்க" என்றான். என் கையிலிருந்த சிலேட்டுப் பலகையால் அவனை அடிக்கத்தான் தோன்றியது.

அர்லீத்தா, ஒன்று கேட்கிறேன். திருநாளுக்கு வா. ஆறாண்டுப் பிரிவு போதும். சபையின் முன் எழுந்து, "மழை நோன்பில் உண்டேன், பிழை செய்தேன்" என்று ஒரே ஒரு வரி சொல். ஒருவரும் கல்லெறிய மாட்டார்கள். உன் பழைய இருக்கைக்கு உன் கையைப் பிடித்து நானே அழைத்துச் செல்வேன்.

அன்பு அண்ணன்,
ஓசியா டால்பெர்ட்

*

எலினா
8 மார்ச் 1971

அன்பு அண்ணா,

அந்த ஒரு வரியை என்னால் சொல்ல முடியாது. ஏனென்பதை ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன். உன்னால்தான் இதை எவரிடமும் பேச முடியாதே.

அறுபத்தைந்து ஆகஸ்டில் பருத்தி கருகியபோது மழை வேண்டி மூன்று நாள் நோன்பை நீ அறிவித்தாய். இரண்டாம் நாள் நான் சைலஸ் கிரம்ப்டன் வீட்டு அடுப்பங்கரையில் சோள ரொட்டியை மோரில் பிசைந்து உண்டதைப் பலகணி வழியே மிம்ஸின் மனைவி பெர்த்தா கண்டாள். மழை வரவில்லை. ஞாயிறன்று நீ மேடையேறி, கொள்ளைப் பொருளைக் கூடாரத்தில் ஒளித்து இசுரயேல் தோற்கக் காரணமான ஆகானின் கதையை வாசித்தாய். வாசித்து முடித்ததும், "நம்ம ஆகான் யாருன்னு எனக்குத் தெரியும். என் கூடப் பொறந்தவ" என்றாய்.

மனைவியை அடக்கம் செய்த நாளிலிருந்து சைலஸ் உண்ணாமல் கிடந்தார். ஒன்பது நாள். அது நோன்பன்று, சாவுக்கான காத்திருப்பு. நான் ரொட்டி கொண்டுபோனேன். "தனியாத் தின்னா தொண்டையில எறங்கல தாயி. நீ தின்னா நானும் தின்னுறேன்" என்றார். "இன்னிக்கு நோன்பு பெரியவரே" என்றேன். "அப்ப எனக்கும் நோன்புதான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் உண்டேன். அவரும் உண்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊட்டிவிட்டாத்தான் தின்னான்னு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது" என்று உறுதி வாங்கினார். சபை வாசலில் நிமிர்ந்து நின்று எல்லாரையும் வரவேற்ற மனிதரல்லவா?

அந்த நோன்பைத் தொடங்கிவைத்த மாலை நீ என்ன போதித்தாய் என்று நினைவிருக்கிறதா? "மொகத்தக் கழுவுங்க, எண்ணெ பூசுங்க. நீங்க செய்யிறது அந்தரங்கத்துல பாக்குறவருக்கு மட்டும் தெரியட்டும்." அதைத்தான் நான் கைக்கொண்டேன், அண்ணா.

உன் தங்கை,
அர்லீத்தா

*

டன்பார் முனை
12 மார்ச் 1971

என் தங்கையே,

உன் மடல் வந்து இரண்டு நாளாய் எழுதுகோலைத் தொட அஞ்சினேன். பசித்தவனோடு உன் அப்பத்தைப் பகிர்ந்துகொள்வதே நான் விரும்பும் நோன்பு என்று ஆண்டவர் சொன்ன திருமொழியை நூறு மேடைகளில் முழங்கியிருக்கிறேன். அதை வாழ்ந்து காட்டியவளை ஆகான் என்றேன். உண்ணாத வாயால் உன்னைத் தின்றுவிட்டேன்.

இருபத்தொன்றாம் தேதி ஞாயிறன்று லூதர் முழு உண்மையையும் வாசிப்பான். ஒன்பது நாளும், ரொட்டியும், மோரும், எல்லாம். பெர்த்தா தலைகுனியட்டும். சபை முழுதும் எழுந்து உன்னை வாழ்த்தட்டும்.

ஓசியா

*

எலினா
16 மார்ச் 1971

அண்ணா,

வேண்டாம். கதையைச் சொன்னால் நான் புனிதவதியாவேன், சைலஸ் ஊட்டிவிடப்பட்ட கிழவராவார், நீ மனமுருகிய மேய்ப்பராவாய். மூவருக்கும் கைதட்டல் கிடைக்கும். இரண்டாண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் போன மனிதருக்கு நான் கொடுத்த சொல் மட்டும் போய்விடும்.

பிழை உன்னுடையது என்றால் அதை மட்டும் சொல். காரணம் சொல்லாதே. உனக்கு அது எவ்வளவு கடினமென்று நான் அறிவேன். முடியாதென்றால் ஒன்றுமே சொல்லாதே. அப்போதும் புதன்கிழமைகளில் உனக்காக மன்றாடுவேன்.

அர்லீத்தா

*

டன்பார் முனை
22 மார்ச் 1971

அன்புத் தங்கைக்கு,

நேற்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காணிக்கைப் பாட்டு முடிந்ததும் என் தாளை லூதர் வாசித்தான்: "ஆறாண்டுகளுக்கு முன் இம்மேடையில் என் தங்கை அர்லீத்தாவை ஆகான் என்றேன். அவள் குற்றமற்றவள். குற்றவாளி நான். உங்கள் முன் அவளிடம் மன்னிப்பு வேண்டுகிறேன்." அவ்வளவே.

சபையாரின் கைவிசிறிகள் நின்றன. பெர்த்தா எழுந்தாள். "அப்ப அந்தம்மா சாப்பிடலயா? நான் என்ன குருடியா? மோர்க் கிண்ணத்த என் ரெண்டு கண்ணால பாத்தேனே" என்றாள். லூதர், "ஒக்காருடி" என்றான். "நான் ஏன் ஒக்காரணும்? பாஸ்டர் சொல்லட்டும்" என்றாள். எல்லாக் கண்களும் என்மேல். பலகை என் மடியில், சுண்ணக்கட்டி என் விரல்களில். சைலஸ் என்ற ஒரு பெயரை எழுதியிருந்தால் போதும். அவள் வாயடைத்திருக்கும், என் மதிப்பு மீண்டிருக்கும். பின்வரிசையிலிருந்து, "பாவம், மருந்து மண்டைக்கு ஏறிருச்சு" என்று ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

நான் எழுதவில்லை.

நாற்பது நாள் உண்ணாதிருந்திருக்கிறேன், அர்லீத்தா. அப்போதெல்லாம் நான் நோன்பிருப்பது ஊருக்குத் தெரியும்; அந்தத் தெரிதலைத் தின்றே உயிர்த்திருந்தேன் போலும். நேற்று அந்த ஐந்து நிமிடம் பசித்ததுபோல் எனக்கு என்றும் பசித்ததில்லை.

ஆராதனை கலைந்தபின் லூதர் என்னருகே அமர்ந்து, "என்னமோ இருக்குன்னு தெரியுது பாஸ்டரே. கேக்க மாட்டேன்" என்றான். பெர்த்தா என்னைப் பாராமலே வீட்டுக்குப் போனாள்.

குரல் மீளுமோ, மீளாதோ, அறியேன். அதற்காக மன்றாடுவதைக் குறைத்துக்கொண்டேன். திருநாளுக்கு வா என்று கேட்கும் தகுதி எனக்கில்லை; ஆகவே கேட்கவில்லை.

உன் அண்ணன்,
ஓசியா

*

எலினா
25 மார்ச் 1971

அன்பு அண்ணா,

நேற்றைய நோன்பை முடித்த கையோடு எழுதுகிறேன். உன் மடல் இன்னும் மேசைமேல் கிடக்கிறது.

சபைக்குள் காலெடுத்து வைப்பேனா என்பது எனக்கே தெரியாது. அதைப்பற்றி இப்போது ஒன்றும் கேளாதே. சனிக்கிழமைக் காலைப் பேருந்தில் உன் வீட்டுக்கு வருகிறேன். வில்லாவிடம் சொல், கீரையைக் குழையக் குழைய வேகவைக்கட்டும்; உன் தொண்டைக்கு அதுதான் இறங்கும்.

உண்பதற்குமுன் மன்றாடுவோம். வாக்கியங்கள் என்னுடையவை. நான் முடித்ததும் நீ தலையை மட்டும் அசை. அதை ஆமென் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் தங்கை,
அர்லீத்தா