இடது பை தொங்குகிறது

மச்சாகோஸ்
9 ஜூன்

எட்டாம் வகுப்பு ஆசிரியர் திரு. கியோக்கோ அவர்களுக்கு,

வணக்கம். நான் வாவின்யாவின் பெரியம்மா. என் கடைசித் தங்கை தோகாவில் நர்ஸாக இருப்பதால், அவள் மகளுக்கு இங்கே நானே பொறுப்பு. கணவர் காலமான பின் இந்த வீட்டில் எதற்கும் நான்தான் பதில் சொல்கிறேன்.

வாவின்யா செய்து தந்த ஏப்ரனை இன்று திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். "மதிப்பெண் இட இயலாது" என்று ஒரு துண்டுச் சீட்டு. என்ன குறை கண்டீர்கள்? நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் ஊசி பிடித்தவள். அந்த விளிம்புத் தையலில் ஒரு பிசகு காட்டுங்கள், பார்க்கலாம்.

உறையை ஒட்டியிருக்கிறேன். கொண்டுவரும் பிள்ளை படிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
திருமதி பெர்பெத்துவா ஸ்யோம்புவா

*

10 ஜூன்

மதிப்புக்குரிய அம்மா,

தங்கள் கடிதம் கிடைத்தது. எழுத்தின் அழகைப் பார்த்துவிட்டுத்தான் கோபத்தைப் படித்தேன்.

தையலில் பிசகே இல்லை அம்மா. அதுதான் சிக்கல். எங்கள் பிள்ளைகள் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் பள்ளி டேப்லெட்டில் ஒரு மின்தொகுப்பு உண்டு. துணி வெட்டியது முதல் முடித்தது வரை அவர்களே படம் எடுத்து, என்ன செய்தோம் என்று பேசியும் பதிய வேண்டும். வாவின்யாவின் முதல் மூன்று படங்களில் தையல் ஆட்டுப்பாதை போல வளைந்து போகிறது. நான்காவதில் ஆயரின் அங்கிக்குப் போடத்தக்க தையல். அதற்கு அவள் பதிந்திருப்பதை அப்படியே தருகிறேன்:

"சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்குப் போற வரைக்கும் நான்தான் தைச்சேன் சார். திரும்பி வந்து பார்த்தா வேற மாதிரி இருக்கு. யாரு தைச்சதுன்னு கேட்டேன். பெரியம்மா, 'டீ ஆறுது, குடி'ன்னாங்க."

வருத்தப்படாதீர்கள். சென்ற ஆண்டு ஒரு தந்தை, மகனுக்காக, ஈரக் கரிச் சுவரால் குளிர்ச்சி தரும் காய்கறிப் பெட்டி செய்ததோடு நில்லாமல், விளக்கம் சொல்லவும் அவரே எழுந்துவிட்டார்.

27ஆம் தேதி பெற்றோர் நாள். அதற்குள் அவள் புதிதாக, தன் கையால் ஒன்று தைத்தால் மதிப்பெண் உண்டு. இல்லையேல் இந்தப் பாடத்தில் வெறும் பூஜ்யம். மேல்நிலைப் பள்ளியில் இடம் கேட்கும்போது அது கூடவே வரும்.

பணிவுடன்,
கியோக்கோ

*

17 ஜூன்

திரு. கியோக்கோ அவர்களுக்கு,

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். ஒரு வாரம் தேவைப்பட்டது.

ஆம், நான்தான் தைத்தேன். கோணலைக் கண்டால் என் கை சும்மா இராது. உங்கள் தொகுப்பை என் தங்கை தோகாவிலிருந்தே பார்க்கிறாளாம். "அக்கா, அந்த விளிம்பு உங்க கையாச்சே!" என்று தொலைபேசியில் ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாவின்யாவுக்கு இன்னொரு ஏப்ரன் தைக்க, நான் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பழைய லேசோ துணியைக் கொடுத்திருக்கிறேன். முற்றத்தில் உட்கார்ந்து தைக்கிறாள். நான் எதிரே நாற்காலியில்.

"பெரியம்மா, தொடாதீங்க!"

"நான் எங்கேடி தொட்டேன்? பார்க்கத்தானே செய்றேன்."

"நீங்க பார்க்கிறதே பிரிச்சுத் தைக்கிற மாதிரி இருக்கு. அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்க."

திரும்பி உட்கார்ந்தேன். என் வீட்டு முற்றத்தில், எனக்கு! அடுப்பில் சோளமும் பயறும் போட்ட முதோக்கோய் அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

ஒரே ஒரு விண்ணப்பம். இடது பை தொங்குகிறது. அதை மட்டும் பிரித்துப் போடும்படி நீங்களாவது சொல்லக்கூடாதா?

பெர்பெத்துவா ஸ்யோம்புவா

*

18 ஜூன்

அம்மா,

சொல்ல மாட்டேன். 27ஆம் தேதி அவசியம் வாருங்கள்.

கியோக்கோ

*

28 ஜூன்

அன்புள்ள கியோக்கோ,

நேற்று உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

அத்தனை பெற்றோர் முன்னால் வாவின்யா அந்தப் பையைத் திரையில் பெரிதாகக் காட்டியபோது எனக்குத் தலையைக் குனிந்துகொள்ளலாம் போலிருந்தது. அவளோ நிமிர்ந்து நின்று, "இந்தப் பையை மூணு தடவை பிரிச்சேன். நாலாவது தடவையும் தொங்குச்சு. உள்ள ஒரு முட்டையை வெச்சு முற்றத்தைச் சுத்தி ஓடிப் பார்த்தேன். விழல. அதனால விட்டுட்டேன்" என்றாள். குரல் நடுங்கவில்லை. பதின்மூன்று வயதில் நான் மடத்தில் தலைமைச் சகோதரி முன்னால் வாய் திறந்ததே இல்லை.

பிறகு கடைசிப் படம். அவள் எப்போது எடுத்தாள் என்றே தெரியவில்லை. மடியில் ஒன்றையொன்று இறுகப் பிடித்தபடி என் இரண்டு கைகள். கீழே ஒரு வரி: "உதவியவர்: பெரியம்மா. தொடவே இல்லை."

பக்கத்தில் இருந்தவர் குனிந்து, "அம்மா, அது உங்க கைங்களா? எப்படிங்க முடிஞ்சுது? என்னால முடியலையே, போன வருஷம் மகனுக்குக் காய்கறிப் பெட்டி செஞ்சு குடுத்தவன் நான்தான்" என்றார்.

"கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றேன்.

நேற்றே தங்கை அழைத்தாள். முழுமதிப்பெண் இல்லை என்று அவளுக்குக் குறை. "பை தொங்குதுல்ல, எப்படிக் குடுப்பாரு? சரியாத்தான் போட்டிருக்காரு" என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலை பூசைக்குப் பின் எங்கள் மாதர் சங்கத்துக்குத் தேநீர் என் வீட்டில். அந்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டுதான் பரிமாறினேன். தலைவி இடது பையைப் பார்த்து, "பெர்பெத்துவா, கண்ணு மங்கிடுச்சா? குடு, ரெண்டு தையல் போட்டுத் தரேன்" என்று கை நீட்டினாள்.

"கையை எடு" என்றேன். "அது வாவின்யா தைச்சது."

அன்புடன்,
வாவின்யாவின் பெரியம்மா