ஞாயிற்றுக்கிழமை கிரேக்கம்

என்றும் என் பக்கத்து இருக்கைக்காரரான அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. திதி முடிந்து வந்தவர்களெல்லாம் கிளம்பிப் போனதும் நம் வீடு சட்டென்று அமைதியாகிவிட்டது. அம்மா சௌக்கியமாக இருக்கிறாள். முழங்கால் வலி மட்டும் விடமாட்டேன் என்கிறது.

என் வேலை நிரந்தரமாகிவிட்டது, அப்பா. கல்லூரியில் கிரேக்க, ரோமானிய வரலாறு முழுவதும் இனி என் பொறுப்பு. உத்தரவு கைக்கு வந்ததும் உங்களிடம் சொல்ல ஓடியிருப்பேன். எங்கே ஓடுவது? அதனால்தான் எழுதுகிறேன்.

அறுபத்தாறாம் வருஷமோ அறுபத்தேழோ, சரியாக நினைவில்லை. நீங்கள் சம்ஸ்கிருதம் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக இங்கிலீஷ் டீச்சராக கிரேஸ் வந்தார். பெங்களூரில் வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் படித்தவர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு வயது ஐம்பதுக்கு மேல். அவருக்கு முப்பதுகூட இருக்காது. நேரே போய், "எனக்குச் சொல்லித் தருவியாம்மா?" என்று கேட்டீர்களாம். அவர் ஆடிப்போய்விட்டாராம். பிற்பாடு எத்தனை முறை அதைச் சொல்லிச் சிரித்திருப்பார்!

அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஒழியும். வீடு சர்ச்சுக்கு ஒட்டினாற்போல். நெற்றியில் பளிச்சென்று திருமண், கக்கத்தில் குடை, காலில் தேய்ந்த செருப்பு என்று சின்ன காஞ்சிபுரத்திலிருந்து நீங்கள் கிளம்பினீர்கள். இரண்டு மாதம் கழித்து நானும் ஒட்டிக்கொண்டேன். துணைக்குப் போகிறேன் என்று ஊர் நினைத்தது. நான் போனது பாடத்துக்கு.

முதல் பாடங்களில் உங்களைப் பார்க்க வேண்டுமே! அவர் "திதோமி, நான் கொடுக்கிறேன்" என்று எழுதினால், நீங்கள் சம்ஸ்கிருதத்தில் "ததாமி! ததாமி!" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிடுவீர்கள். "துகாதேர், மகள்" என்று அவர் சொன்ன அன்று, "துஹிதா" என்று மெல்லச் சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். பெயர்ச்சொற்களில் உங்களை மிஞ்ச முடியாது. வினைச்சொல் வந்தால் நான் முந்திவிடுவேன். "நீ முந்திண்டுட்டேடி" என்று நீங்கள் சொன்னதில் துளி வருத்தம் இருந்ததா? எனக்குத் தெரிந்து இல்லை.

இலக்கணம் முடிந்து ஏதென்ஸ் வரலாற்றுக்குள் நுழைந்தபோதுதான் வாலாஜாபாத்திலிருந்து அந்த வரன் வந்தது. ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, அவர்களுக்கும் பிடித்துப்போயிற்று. அதற்குள் யாரோ அவர்கள் காதில் போட்டுவிட்டார்கள். பிள்ளையின் அப்பா நம் கூடத்தில் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தார்.

"நேரடியாவே கேட்டுடறேன். ஞாயித்துக்கிழமை தவறாம நீங்க சர்ச்சுக்குப் போறதா சொல்றாளே?"

"சர்ச்சுக்கு இல்லை, அதுக்குப் பக்கத்து ஆத்துக்கு. கிரேக்கம் படிக்கறேன்."

"கிரேக்கமா? எதுக்கு?"

"தெரியாதே, அதுக்குத்தான்."

அவர் சிரிக்கவில்லை. "அதை விட்டுடுங்கோ. ஊர் வாய் அடங்கிடும். தையிலேயே முகூர்த்தம் வெச்சுக்கலாம்."

உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தீர்கள், அம்மாவைப் பார்த்தீர்கள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "சரி, விட்டுடறேன்" என்றீர்கள்.

உங்கள் குரலில் அப்படி ஒரு தொய்வை நான் அதுவரை கேட்டதில்லை. காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தேன். "அப்பா விட்டாலும் நான் விடமாட்டேன், மாமா. நானும்தான் படிக்கறேன்" என்றேன். தட்டை அவர் முன்னால் வைத்தேன். அவர் காபியைத் தொடாமலே எழுந்து போனார்.

அம்மா அழுதாள். "ஒரு வார்த்தை பேசாம இருக்கக் கூடாதாடி?" என்று கேட்டுக்கொண்டே தளிகை பண்ணினாள், கேட்டுக்கொண்டே பரிமாறினாள். நீங்களும் நானும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டோம்.

அடுத்த ஞாயிறு நமக்கு முன்னால் அம்மாவே கிளம்பிவிட்டாள், டீச்சரை நாலு கேள்வி கேட்க. பின்னாலேயே நாம் ஓட்டமும் நடையுமாகப் போனோம். அம்மா வாசலில் நின்றிருந்தாள். கிரேஸ் டீச்சருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"கல்யாணம் நின்னதுக்கு நான்தான் காரணம்னா மன்னிச்சிருங்கம்மா. ஆனா இனிமே வராதீங்கன்னு அவங்ககிட்ட சொல்ல எனக்கு மனசு வரல" என்றார்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தயார் பண்ணி வைத்திருந்த கேள்வியெல்லாம் எங்கே போயிற்றோ, "என் பொண்ணு நன்னாப் படிக்கறாளா?" என்றாள்.

"ஐயாவை விட நல்லா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே வந்து உட்கார்ந்தாள். வகுப்பு நடுவில் டீச்சர் வழக்கம்போல உங்கள் முன்னால் காபியை வைத்தார்; நீங்களும் வழக்கம்போலக் குடித்துவிட்டீர்கள். வெளியில் பச்சைத் தண்ணீர் தொடாதவர் என்று உங்களைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியவள், உங்களையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள். திரும்பி வரும் வழியில், "ஞாயித்துக்கிழமை சாயங்காலக் காபி வேண்டாம்னு சொன்னதெல்லாம் இதுக்குத்தானா?" என்றாள். நம் தெரு முனை வந்ததும், "அவ எம்.ஏ. படிக்கட்டும்" என்றாள். உங்கள் கக்கத்திலிருந்து குடை நழுவி விழுந்தது அப்போதுதான்.

அந்த வாலாஜாபாத் பிள்ளையை நடுநடுவே பஸ்ஸில் பார்ப்பேன். இரண்டு குழந்தைகள். நல்ல மனுஷன், பார்த்தால் சிரிப்பான். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வருத்தமில்லை என்றால் அம்மா நம்புவதில்லை. நீங்கள் நம்புவீர்களா?

போன மாதம் வகுப்பில் பக்கத்துக் கிராமமான கூரத்திலிருந்து வரும் ஒரு பெண், விவசாயக் குடும்பம், "மிஸ், கிரேக்க பாஷையில விருந்தாளிக்கு என்ன வார்த்தை?" என்று கேட்டாள். "க்ஸெனோஸ். அந்நியனுக்கும் அதே சொல்தான்" என்றேன். உடனே அவள், "நம்ம விருந்துங்கிற வார்த்தைக்கும் புதுசுன்னுதானே மிஸ் அர்த்தம்? தமிழ் மிஸ் சொன்னாங்க" என்றாள். நீங்கள் இருந்திருந்தால் நாற்காலி தாங்கியிருக்காது.

அவளும் இன்னும் நாலைந்து பெண்களும் கிரேக்கம் கற்றுக்கொள்ள வேண்டுமாம். கல்லூரியில் நேரம் ஒதுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தயங்கித் தயங்கி அம்மாவிடம் கேட்டேன். "நம்மாத்துக் கூடம் காலியாத்தானே இருக்கு, வரச் சொல்லு. எந்த ஊர்னு, யார் ஆத்துப் பொண்ணுன்னு கேட்டுண்டு நிக்காதே" என்றாள். இப்போது வேலூரில் இருக்கும் கிரேஸ் டீச்சரும் மாதம் ஒருமுறை வருகிறேன் என்று எழுதியிருக்கிறார்.

ஆவணியில் ஆரம்பிக்கிறோம், அப்பா. தெருவில் யார் என்ன பேசினாலும், வருவது ஒரே ஒரு பெண்ணானாலும், நம் கூடத்தில் அந்த வகுப்பு நிற்காது. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களோடு ஒரே பெஞ்சில் படித்த மகள்,
கோதை