நாற்பத்தேழாம் நம்பர் சாரன்

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகன் றிகாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் உன் மனைவி நிம்றாவும் பிள்ளை ஹஸனும் அல்லாஹ்வின் காவலில் நல்லபடியாக இருக்கிறோம், அந்தக் கத்தார் வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். ஃபோன் கையில் இருக்க உம்மா எதற்குக் கடதாசி எழுதுகிறா என்று யோசிப்பாய், கீழ்மாடி மக்கீன் நானாவின் மகன் ரிஷாத் வெள்ளிக்கிழமை தோஹாவுக்கு வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். இந்த இரண்டு அறை ஃப்ளாட்டில் நான் வொய்ஸ் அனுப்பினால் அது உனக்கு வருமுன் உன் பெண்டாட்டி காதில் விழுந்துவிடும், எழுதப்போவதோ அவளைப் பற்றி. லிஃப்ட் பழுதாகி ஒரு கிழமை ஆகிறது, நாலு மாடி ஏறி இறங்கி என் முழங்கால் வீங்கியிருக்கிறது, அதைப் பற்றி நீ கேட்கவில்லை, போன தடவை என்னோடு மூன்று நிமிஷம் கதைத்தாய். அதற்குப் பிறகு அவளோடு கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணித்தியாலம், உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வேறு.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன் மகன், எனக்கு நிம்றா மேல் பொறாமை. காலையில் ஏழு மணி ரயிலுக்குப் பை மாட்டிக்கொண்டு அவள் கொள்ளுப்பிட்டி ஒஃபிஸுக்கு இறங்குவதைப் பார்த்தாலும் எரிகிறது, சாயந்தரம் வந்ததும் ஹஸன் என் மடியிலிருந்து எழும்பி ஓடுவதைப் பார்த்தாலும் எரிகிறது. போதாததற்கு அவள் உம்மா பைறோஸா தெஹிவளையிலிருந்து கிழமைக்கொரு தரம் டப்பாவில் புரியாணி அனுப்புகிறா, பிள்ளை அதைக் காலி பண்ணிவிட்டு என் மீன் ஆணத்தைப் பார்த்துப் பசி இல்லை என்கிறான். எட்டு வயதுப் பிள்ளைக்கு வாப்பும்மா வீட்டில் பசி இல்லை, உம்மும்மா டப்பாவுக்கு மட்டும் பசி. இதெல்லாம் சின்ன எரிச்சல், பெரியது வேறு, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஹஸனைத் தூரத்து ஊர் மத்ரஸாவில் தங்கவைத்து குர்ஆனை முழுவதும் மனனம் பண்ணவைக்க வேண்டும் என்று நீ நிற்கிறாய், பள்ளிக்கூடம் போய்வந்து பின்னேரம் நம் பள்ளிவாசலில் ஓதினால் போதும் என்று அவள் நிற்கிறாள். நீ கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. உன் வாப்பா மவுத்தாவதற்கு முந்திய கிழமை உன் கையைப் பிடித்து, நீ பாதியில் விட்டு வந்ததை உன் மகனாவது முடிக்கட்டும் என்றார், நீ தலையாட்டினாய், நானும் பக்கத்தில் நின்றேன். ஆகவே நான் உன் பக்கம்தான் இருந்தேன். அவளிடம், புருஷன் சொல்லை ஒரு தரமாவது கேட்டுப் பாரன் என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை, அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. மாமி, என்ட புள்ள ஓதட்டும், நல்லா ஓதட்டும், ராவைக்கு மட்டும் என்ட பக்கத்துல படுக்கட்டும் என்றாள். மூன்று கிழமையாக நீ அவளைக் கெஞ்சுகிறாய், விளங்கப்படுத்துகிறாய், திரும்பக் கூப்பிடுகிறாய். உன் வாப்பா நல்ல மனிதர், நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், ஆனால் உன்னை மத்ரஸாவுக்கு அனுப்பும் விஷயத்தில் மூன்று நிமிஷம் கூட அவர் என்னிடம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

போன சனிக்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை மத்ரஸாவிலிருந்து விண்ணப்பமும் கொண்டுபோக வேண்டியவற்றை எழுதிய சாமான் துண்டும் வந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், எல்லாப் பிள்ளைகளின் உடுப்பும் ஒன்றாகத் துவைப்பதால் ஒவ்வொன்றிலும் பிள்ளையின் நம்பரைச் சிவப்பு நூலால் தைத்துக் கொடுக்க வேண்டும். ஹஸனுக்கு நூற்றுப் பன்னிரண்டு. நான் தைக்க மாட்டேன் மாமி என்றாள் நிம்றா. அப்போது பிள்ளை சோற்றுக் கோப்பையோடு வந்து, உம்மா, நான் போகத்தான் வேணுமா என்று கேட்டான். இல்ல என்றாள். அவ்வளவுதான். என்னைப் பார்க்கவில்லை, யோசிக்கவில்லை, வாப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று கூடச் சொல்லவில்லை. குசினியில் அடுப்படியில் நின்ற எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. உன் சொல்லை மீறிவிட்டாளே என்றுதான் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். சரி, நான் தைக்கிறேன் என்று வீம்புக்கு நூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யன்னலடியில் உட்கார்ந்தேன்.

நாலு சாரன், நாலு ஜுப்பா, இரண்டு துவாய், மூன்று தொப்பி. அஸர் வரைக்கும் தலை நிமிரவில்லை. ஹஸன் வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான், வாப்பும்மா, இது நாப்பத்தேழு, என்ட நம்பர் இது இல்லையே என்றான். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நாற்பத்தேழு, ஒன்று தப்பாமல். சாமான் துண்டு என் மடியிலேயே கிடக்கிறது, அதில் கொட்டை எழுத்தில் நூற்றுப் பன்னிரண்டு. நிம்றா வந்து பார்த்தாள். இது யாருட நம்பர் மாமி என்றாள். உன் புருஷன்ட என்றேன். அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய், கொஞ்ச நேரத்தில் ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். எந்த இடத்தில் வாயைத் திறக்கக்கூடாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, பார், அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

அந்தத் தேத்தண்ணி ஆறும் வரைக்கும் நான் அழுதேன் மகன். நீ மத்ரஸாவுக்குப் போன அன்று உனக்கு ஒன்பது வயது. டிரங்குப் பெட்டி வாசலில் இருந்தது, வாப்பா வேனுக்காரனோடு கதைத்துக்கொண்டு நின்றார். நீ குசினிக்கு வந்து என் முந்தானையைப் பிடித்து ஹஸன் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டாய், ஒரு சொல் கூட வித்தியாசமில்லை. நான் உன் தொப்பியை நேராக்கிவிட்டு, வழியில் சாப்பிட மீன் பொரித்து வைத்திருக்கிறேன் என்றேன். அதுதான் நான் சொன்ன பதில். மத்ரஸாவைக் குறை சொல்வதற்கில்லை, ஓதிக்கொடுத்த ஹஸரத்மார் உன்னை நல்லபடியாகப் பார்த்தார்கள், அங்கே சந்தோஷமாக ஓதி முடித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆனால் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நான் பார்க்க வரும்போது நீ வாப்பாவோடு மட்டும் கதைப்பாய், நான் கொண்டுவந்த சாப்பாட்டைத் தலை குனிந்தபடியே சாப்பிடுவாய். மூன்று வருஷம். செங்கமாரி பிடித்துக் கண்ணெல்லாம் மஞ்சளாகி நீ வீட்டுக்கு வந்த அன்று எல்லோரும் கவலைப்பட, நான் மட்டும் உள்ளுக்குள் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆகவே அவள் மேல் எனக்குள்ள பொறாமை நல்ல உடுப்புக்கோ சம்பளத்துக்கோ இல்லை, பைறோஸாவின் புரியாணிக்குக் கொஞ்சம் இருக்கலாம். அந்த ஒரு சொல் அவள் வாயில் அவ்வளவு லேசாக வந்ததே, அதற்குத்தான். இதை எழுதிவிட்டதால் மனம் தெளிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே, இப்போது கூட அவள் அறைக்குள் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் சத்தம் கேட்கிறது, எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. வாப்பாவுக்குக் கொடுத்த வாக்கை நினைத்துப் பயப்படாதே, நானும் அங்கே நின்றவள்தானே, அதற்கு அல்லாஹ்விடம் நானும் சேர்ந்து பதில் சொல்கிறேன். பிள்ளை பள்ளிவாசலில் ஓதுவதை நிறுத்த விட மாட்டேன், தினமும் நானே கூட்டிக்கொண்டு போவேன், முழங்கால் எப்படிப் போனாலும். விண்ணப்பத்தில் நீ கையெழுத்து வைத்தால்தான் செல்லும், அதைக் கிழிக்காமல் இந்தக் கடதாசிக்குள் மடித்து வைத்திருக்கிறேன், முடிவு உன்னுடையது. நிம்றாவிடம் இதையெல்லாம் சொல்லிவிடாதே, பிறகு அவளைப் பிடிக்க ஏலாது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான பரக்கத்தையும் தரட்டும், உன் பிள்ளையைக் கொண்டு உன் கண்ணைக் குளிரவைக்கட்டும். ரிஷாத் கொண்டுவரும் பார்சலில் சீனிச்சம்பல் போத்தல் ஒன்று இருக்கிறது, மூடியை இறுக்கி வை, போன தடவை மாதிரி அறைக்காரர்களுக்கே கொடுத்து முடித்துவிடாதே. அந்தப் பார்சலின் அடியில் ஒரு சின்னச் சாரனும் இருக்கும், உன் இடுப்புக்குப் பாதி கூட வராது. மற்றவற்றில் நூலைப் பிரித்துவிட்டேன், இதில் பிரிக்க மனம் வரவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கடைசி வரியைப் படி. அன்று காலை குசினியில் நீ கேட்டதற்கு உம்மா இப்போதுதான் பதில் சொல்கிறேன். இல்ல மகன், நீ போக வேணாம்.

இப்படிக்கு,
உன் உம்மா லுத்பியா